செய்யாதிருக்கச் சொல்லும் அதிகாரம்

தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பினால் நடைபெறும் மென்பொருள் திட்டங்களைப் பற்றி நம்மிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. புதிய பதிப்பொன்றை வெளியிடுவதற்கு முன்னால் சில மாத காலம் புதிய சரக்கு எதையும் உள்ளே விடாமல் கதவை அடைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவற்றின் பழுதுகளை மட்டும் பார்ப்பதென்ற ஏற்பாடு, அதாவது ‘ஃப்ரீஸ்’ என்று நிரலாளர் வாயில் வழங்கும் நிறுத்தக்காலம், குறுந்தகடுகளில் மென்பொருளை ஏற்றி அஞ்சலில் அனுப்பிய ஒரு யுகத்தின் மிச்சமென்பதும், கூலியின்றி உழைப்பவனுடைய உற்சாகத்துக்கு அது நஞ்சென்பதும், இன்று எழுதியதை இன்றே பயனருக்கு அனுப்பிவிடுவதுதான் காலத்துக்கேற்ற முறையென்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். கோச்சடையில் மேலக்கால் சாலைத் தேநீர்க் கடைகளில் மாலைதோறும் கூடும் கணினிப் பிள்ளைகளிடையேகூட இதை மறுத்துப் பேசுவாரைக் காண்பது அரிதாயிருக்கிறது. எல்லோரும் ஒரு மனதாய் ஒப்புக்கொண்ட காரணத்தினாலேயே ஒரு கொள்கை சரியானதாகிவிடாது. இந்தக் கொள்கை சரியானதுமன்று.

விவகாரத்தைப் பொதுப்பட வைத்துப் பேசினால் இரு தரப்பாரும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாமாதலால், டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி இயான் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கிய இத்திட்டத்துக்கு முதலாளி கிடையாது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினரும், அவர்களைச் சூழ்ந்த இன்னும் பல தொண்டரும், அதன் மென்பொருள்களை ஆளுக்குச் சில பொதிகளாகப் பராமரித்து வருகின்றனர். 2025 ஆகஸ்டு 9-ஆம் தேதி வெளிவந்த ‘டிரிக்ஸி’ பதிப்பில் இருந்த பொதிகளின் எண்ணிக்கை 69,830. பராமரிப்பாளர் ஒருவர் அனுப்பும் புதிய பொதி முதலில் இன்னும் நிலைபெறாத ‘நிலையாக்கிளை’யில் சேர்கிறது; அவசரத்தின் தரத்துக்கேற்ப இரண்டு, ஐந்து அல்லது பத்து நாள் அங்கே கிடந்து, புதிதாக ஒரு கடும் வழுவையும் கொண்டுவரவில்லையென்று கண்ட பிறகே ‘சோதனைக்கிளை’க்கு ஏறுகிறது; அந்தச் சோதனைக்கிளையே ஒருநாள் நிலையான வெளியீடாகப் பெயர் பெறுகிறது. நிறுத்தக்காலமென்பது இந்த ஏற்றத்தைப் படிப்படியாக மூடும் ஏற்பாடேயன்றி வேறில்லை. டிரிக்ஸிக்கு 2025 மார்ச் 15-இல் அடித்தளக் கருவிகளும், ஒன்றையொன்று பின்னிய பெருமாற்றங்களும் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 15 முதல் புதுப் பொதிகளுக்கு இடமில்லை. மே 15 முதல் முக்கியமான பொதிகளில் எந்தத் திருத்தமும் வெளியீட்டுக் குழுவின் அனுமதியின்றி நுழையவில்லை. ஜூலை 27 முதல் எந்தப் பொதிக்குமே அனுமதியின்றி நுழைவில்லை.

இனி, இதை எதிர்ப்பவர்கள் கூறும் தலையாய நியாயத்துக்கு வருவோம். சம்பளம் வாங்காதவனைக் கட்டுப்படுத்த எவனுக்கும் உரிமையில்லை என்பது அது. கேட்பதற்கு மிக நேர்மையானதாக இருக்கிறது. 1998 டிசம்பரில் டெபியன் ஏற்றுக்கொண்ட அமைப்புச் சட்டமும் தொடக்கத்திலேயே ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது: இத்திட்டத்துக்காக உழைக்க வேண்டுமென்ற கடமை எவருக்கும் கிடையாது, ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விருப்பமில்லாதவர் செய்யாமலிருக்கலாம். ஆனால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டு எழுந்துபோகும் நம் நண்பர்கள், அடுத்து வரும் வாக்கியத்தைப் படிப்பதில்லை. முறையாக எடுக்கப்பட்ட தீர்மானங்களுக்கு எதிராக ஒருவரும் முனைந்து வேலை செய்யலாகாது என்பது அந்த அடுத்த வாக்கியத்தின் பொருள். ‘செய்’ என்று ஏவும் அதிகாரத்தை முற்றிலும் துறந்துவிட்ட ஓர் அமைப்பு, ‘செய்யாதிரு’ என்று கேட்கும் அதிகாரத்தை மட்டும் கவனமாகக் கைக்குள் வைத்துக்கொண்டது. நிறுத்தக்காலம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. அது எந்தத் தொண்டனையும் இரவில் விழித்திருக்கச் சொல்வதில்லை, எந்த வழுவையும் இன்னார் தீர்த்தே ஆக வேண்டுமென்று விதிப்பதில்லை. புதியதொன்றைத் தள்ளாமல் சில காலம் பொறுத்திருக்கக் கேட்கிறது, அவ்வளவே. சுதந்திரமாக உழைப்பவனுக்குப் பொருந்தாத கட்டுப்பாடு என்று இவர்கள் பழிக்கிற அதுவே, சுதந்திரமாக உழைப்பவன்மேல் சுமத்தத்தக்க ஒரே கட்டுப்பாடாகவும் இருக்கிறது.

எங்கள் பக்கத்து மாடக்குளம் கண்மாயைப் போன்ற பழைய நீர்நிலைகளின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இதில் விந்தையொன்றும் தோன்றாது. குடிமராமத்து என்ற வழக்கத்தில் ஊரார் கூலியில்லாமல் வந்து வண்டல் எடுத்தார்கள், கரையைக் கட்டினார்கள், மடையைச் செப்பனிட்டார்கள். ஆனால் நீர் ஓடிக்கொண்டிருக்கையில் அது நடவாது. கோடையில் மடை அடைபட்டிருக்கையில், ஒவ்வொருவனும் தன் வயலுக்கு நீர் கேட்காதிருக்கச் சம்மதித்திருந்ததனாலேயே அந்த மராமத்து நடந்தது. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டமொன்று இயற்றப்பட்டு, வர மறுப்பவனைத் தண்டிக்க வழி செய்யப்பட்டது. அதன் பிறகு அவ்வழக்கம் தழைத்ததா தளர்ந்ததா என்பதை நம் கண்மாய்களின் நிலையே சொல்லும். பொறுத்திரு என்ற ஊர்க் கட்டு உயிரோடிருந்தவரை வேலை நடந்தது; வேலை செய் என்ற சர்க்கார்க் கட்டு வந்தும் வேலை நடக்கவில்லை.

இதே பாடத்தை டெபியன் தொண்டர்கள் தம் செலவிலேயே கற்றார்கள். 2006-இல், ‘எட்ச்’ என்ற பதிப்பை அவ்வாண்டு டிசம்பரிலேயே வெளியிட்டுவிட வேண்டுமென்று விரும்பிய சிலர், அப்போதைய திட்டத் தலைவரான ஆன்டனி டவுன்ஸின் முயற்சியில், வெளிப்புறத்தில் நன்கொடை திரட்டி, வெளியீட்டு மேலாளர் இருவருக்கு ஆளுக்கொரு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரமும் உழைக்கச் செய்ய ஏற்பாடு செய்தனர். ‘டங்க்-டேங்க்’ என்று அதற்குப் பெயர். ஒரு நிறுவனத்தின் கண்கொண்டு பார்த்தால் இதில் குற்றமெதுவும் தெரியாது. நடந்ததோ வேறு: கூலி பெறுபவர் இருவர் இருக்கையில் நாம் ஏன் இலவசமாய் மாரடிக்க வேண்டும் என்று மனம் கசந்த சிலர் கைகளைச் சுருக்கிக்கொண்டனர், தலைவரைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்புக்கூட நடந்தது, எட்ச் வெளிவந்ததோ 2007 ஏப்ரல் 8-இல். இருவரைச் ‘செய்’ என்று கூலி கொடுத்து ஏவியதில், கேளாமலே செய்துகொண்டிருந்த பலர் செய்யாதவராயினர். சம்பளமே தீது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது மிகை. பின்னாளில் பாதுகாப்புப் பராமரிப்புக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடுகள் டெபியனைச் சுற்றி அமைதியாக நடந்துவருவதையும் நாம் காண்கிறோம். ஆனால் வெளியீட்டுத் தேதியைப் பணத்தால் வாங்கலாம் என்ற நினைப்புக்கு இது போதிய விடை.

எதிர்த் தரப்பாரின் பிரம்மாஸ்திரம் ‘சார்ஜ்’ பதிப்பு. அதற்கு முந்திய ‘உடி’ வெளிவந்தது 2002 ஜூலை 19-இல். சார்ஜ் வெளிவந்ததோ 2005 ஜூன் 6-இல். ஏறத்தாழ மூன்று வருஷம் டெபியன் உறைந்து கிடந்தது, அதனால்தான் 2004 அக்டோபரில் உபுண்டு பிறந்து கூட்டத்தைக் கவர்ந்துகொண்டது என்று இவர்கள் கதை சொல்கிறார்கள். கதை நன்றாயிருக்கிறது, தேதிகள்தாம் ஒத்துவரவில்லை. சார்ஜுக்கு முழு நிறுத்தம் அறிவிக்கப்பட்டதே 2005 மே மாதத் தொடக்கத்தில். அதன் பிறகு ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் வெளியீடு நடந்துவிட்டது. மீதிக் காலமெல்லாம் நிறுவியை அடியோடு புதிதாக எழுதுவதிலும், சோதனைக்கிளைக்குப் பாதுகாப்புத் திருத்தம் வழங்கும் ஏற்பாடு அமையாததிலும், கதவை அடைக்க இயலாமல் ஒவ்வொரு மாதமும் புதிது புதிதாய் உள்ளே வந்துகொண்டிருந்த பொதிகளோடு மல்லாடுவதிலும் கழிந்தது. அந்த மூன்று வருஷமும் நிறுத்தக்காலத்தின் குற்றம் என்பது, பூட்டாத வீட்டில் களவு போனதற்குப் பூட்டைக் குறை சொல்வதைப் போன்றது. உபுண்டுவைப் பற்றி ஒரு வார்த்தை: ஆறு மாதத்துக்கொருமுறை வெளியீடு என்ற அதன் பெருமை, ஒவ்வொரு ஆறு மாதத்திலும் பிசகாமல் ஒரு நிறுத்தக்காலத்தை நடத்துவதினால் கிடைத்ததுதான். இதைச் சொல்ல நம் நண்பர்களுக்கு ஏனோ மறந்துபோகிறது.

‘வீஸி’ பதிப்பைக் காட்டினால் மட்டும் நான் சற்று இறங்கி வர வேண்டியிருக்கிறது. 2012 ஜூன் 30-இல் தொடங்கிய நிறுத்தம் 2013 மே 4 வரை, பத்து மாதம் நீண்டது. அது நீளந்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குக் கண்ட பரிகாரம் எது? நிறுத்தத்தை ஒழிப்பது என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. கடும் வழுவுள்ள பொதி பராமரிப்பாளர் கவனியாமல் கிடந்தால், முன்னறிவிப்புக் கொடுத்துச் சோதனைக்கிளையிலிருந்து தானாகவே நீக்கிவிடும் ஏற்பாட்டை 2013 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். அடுத்த ‘ஜெஸ்ஸி’யில் நிறுத்தம் 2014 நவம்பர் 5 முதல் மறு ஏப்ரல் இறுதிவரை, ஆறு மாதத்துக்கும் குறைவாக முடிந்தது. அங்கும் எவனையும் ஏவவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உன் பொதியைச் செப்பனிடு என்று பராமரிப்பாளரிடம் கெஞ்சுவதை விட்டு, செப்பனிடப்படாத பொதி இந்தப் பதிப்பில் இராது என்று சொல்லிவிட்டார்கள்.

உற்சாகம் குன்றுகிறது என்ற புகாரில் பாதி, நிறுத்தக்காலத்தில் எல்லா வேலையும் நின்றுவிடுகிறதென்ற தவறான எண்ணத்தினால் வருவது. புதுமையில் மோகமுள்ளவருக்கென்று ‘பரிசோதனைக் கிளை’ ஒன்று எப்போதும் திறந்தேயிருக்கிறது. அங்கே எதை வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். மற்றப் பாதிக்கு விடை, நிறுத்தக்காலத்தில் என்ன நடக்கிறதென்று கிட்ட இருந்து பார்த்தவர்க்கே புலனாகும். சாதாரண நாட்களில் ஒவ்வொரு பராமரிப்பாளரும் தத்தம் பொதிக்குள் குடியிருக்கிறார். பக்கத்துப் பொதியில் கைவைப்பது நாகரிகக் குறைவாகவே கருதப்படும். நிறுத்தம் வந்துவிட்டால், வழுப் பட்டியல் எல்லோருடைய சொத்தாகிறது. பிறருடைய பொதியின் கடும் வழுவை இன்னொருவர் திருத்தி, உரியவருக்கு அறிவித்துச் சில நாள் பொறுத்து ஏற்றுவது அப்போது பாராட்டுக்குரிய காரியமாகிறது. அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு திருத்தத்தின் வரிகளையும் வெளியீட்டுக் குழுவினர் தங்கள் கண்ணால் படித்துப் பார்க்கிறார்கள். ஆண்டின் மற்ற மாதங்களில் இவ்வளவு பொதிகளின் உள்ளே அயலார் கண் படுவதேயில்லை. 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்தில், அவ்வூர்க் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் டெபியன் சிறு மாநாடொன்றை நடத்தினார்கள். ‘புக்வர்ம்’ பதிப்பின் முதற்கட்ட நிறுத்தம் அந்த ஜனவரி 12-ஆம் தேதியே தொடங்கிவிட்டிருந்தது. நம் நாட்டுச் சிறு நகரத்து மாணவர்கள் நிறுத்தக்காலத்தின் நடுவில் கூடி மாநாடு நடத்துகிறார்களென்றால், அது உற்சாகத்தைக் கொல்லும் காலமென்று யார் நம்புவது?

இவை போக, தமிழனுக்கு இதில் தனியாக ஒரு நியாயமும் இருக்கிறது. அதை நம்மவர்களே எண்ணிப் பார்ப்பதில்லை. க்னோம், கே.டி.ஈ. போன்ற மேசைத்தளங்களில் திரையில் தோன்றும் ஆயிரக்கணக்கான சொற்றொடர்களையும், பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் உட்காரும் மிகச் சிலர் தமிழாக்கி வருகின்றனர். இந்த மொழிபெயர்ப்புகளைச் சுமக்கும் ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற கருவியின் இயல்பு என்னவெனில், மூல ஆங்கிலத் தொடரில் ஒரு சொல்லோ ஒரு புள்ளியோ மாறினாலும் அதற்கெதிரே இருந்த மொழிபெயர்ப்பைச் சந்தேகத்துக்குரியதென்று குறித்து, ஒருவர் மீண்டும் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை அதைத் திரைக்கு வரவிடாது. பயனருக்கு அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும். ஆகவே பெர்லினிலோ பாஸ்டனிலோ இருக்கும் நிரலாளர் ஒருவர் கடைசி வாரத்தில் ஒரு வாக்கியத்தைச் சற்று அழகு செய்தால், இங்கே ஒருவர் மூன்று மாதத்துக்கு முன்பு செய்து முடித்த வேலை அழிந்துபோகிறது. ஆங்கிலம் அறிந்தவருக்கு இதனால் ஒரு நஷ்டமுமில்லை. ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் ஆள் கூட்டம் இருப்பதால் அவர்கள் இரண்டொரு நாளில் சரிக்கட்டிவிடுவார்கள். பேசுவோர் கோடிக்கணக்கில் இருந்தும் மென்பொருளை மொழிபெயர்ப்போர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே உள்ள நம் மொழிக்குத்தான் நஷ்டம் முழுவதும்.

இதற்காகவே க்னோம் திட்டத்தில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் வெளியீடுகளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே சொற்றொடர்களுக்கென்று தனி நிறுத்தம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குப்பின் ஒரு தொடரை மாற்ற வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: உலகின் கணினித் தொழிலில் வேறெங்கு, ஓர் ஆங்கில நிரலாளன் தன் சொந்த வாக்கியத்தைத் திருத்துவதற்கு வேற்றுமொழித் தொண்டர் அணியினிடம் கை நீட்டி நிற்கிறான்? சொற்றொடர்களில் எண்பது விழுக்காடு தமிழானால்தான் க்னோம் தன் ஆதரவு பெற்ற மொழிகளில் தமிழைச் சேர்க்கும். ஓடிக்கொண்டேயிருக்கும் இலக்கை அந்த எண்பதில் பிடிக்க நான்கு பேரால் இயலுமா? அன்றாடம் வெளியிட்டுக்கொண்டேயிருப்பதுதான் முன்னேற்றம் என்று பேசும் தமிழ் இளைஞன், அறியாமலே, ஆங்கிலம் மட்டும் முழுமையாய் இருக்கும் ஒரு திரைக்கு வாக்களிக்கிறான்.

பொறுமையின்மை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை 2024 காட்டிற்று. ‘எக்ஸ்-இசட்’ என்னும் சுருக்கு நூலகம் ஏறத்தாழத் தனியொருவரின் ஓய்வு நேர உழைப்பில் நடந்துவந்தது. 2022-இல், பின்னாளில் போலியென்று கருதப்பட்ட பெயர்களில் சிலர் தோன்றி, வேலை மெத்தனமாயிருக்கிறது, பயனர் காத்திருக்கிறார்கள், பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்று அவரை விடாமல் நச்சரித்தனர். உதவிக்கு வந்த ‘ஜியா டான்’ என்ற பெயருடையவர் மெல்ல மெல்ல இணைப் பராமரிப்பாளரானார். 2024 பிப்ரவரி 24-இல் வெளிவந்த 5.6.0 பதிப்பிலும், அடுத்த 5.6.1-இலும் இரகசியப் பின்வாசலொன்று வைக்கப்பட்டது. புதியதை உடனுக்குடன் விழுங்கும் கிளைகளுக்குள் அது நுழைந்தது. டெபியனின் நிலையாக்கிளையிலும் சோதனைக்கிளையிலும் இருந்தது. உபுண்டு 24.04-இன் முன்னோட்ட வெளியீடு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், இந்தப் புதுப் பதிப்பை விரைந்து சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கையும் வந்தது. நுழைவுச் சாளரம் அடைபடுமுன் உள்ளே போய்விட வேண்டுமென்ற அவசரம் யாருக்கு இருந்ததென்று பாருங்கள்! மார்ச் 29-இல், ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் தொலைநுழைவு அரை வினாடி தாமதிப்பதன் காரணத்தைத் துருவிப் பார்த்து உண்மையை வெளியிட்டார். உபுண்டு தன் முன்னோட்ட வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்தது. அதற்குள் கழிந்திருந்த ஐந்து வாரமும் டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தது பழைய 5.4.1, அந்தப் பதிப்பில் ஓடிய சர்வர்கள் அதனால் தப்பின. பின்வாசலைக் கண்டுபிடித்தது நிறுத்தக்காலமல்ல, ஒரு மனிதர். ஆனால் அவர் கண்டுபிடிக்கும்வரை உலகத்தைக் காத்து நின்றது, இவர்கள் ‘பழசு, பழசு’ என்று கேலி செய்த அந்தப் பதிப்புத்தான்.

நிறுத்தக்காலம் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. 2006 செப்டம்பரில் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். பொதியில் நல்லெண்ணத்துடன் நீக்கிய வரியினால் மறைகுறிச் சாவிகளெல்லாம் ஊகிக்கத்தக்கனவாய்ப் போயின. எட்ச் பதிப்பின் நிறுத்தக்காலம் முழுவதையும் அந்தப் பிழை ஒருவர் கண்ணிலும் படாமல் கடந்து, 2008 மே 13-இல்தான் வெளியில் அறிவிக்கப்பட்டது. நிறுத்தம் வந்த பிறகே வழுப் பட்டியலைத் திறந்து பார்ப்பதும், நிறுத்தத்துக்கு முந்திய வாரத்தில் அரைவேக்காட்டுப் பொதிகளை அடித்துப்பிடித்துத் தள்ளுவதும் இன்னும் நீங்காத நோய்கள். வெளியீட்டுக் குழுவில் ஆள் பற்றாக்குறையும் நெடுநாள் வியாதியே. இவற்றைக் குறை கூறுவாரோடு எனக்குச் சண்டையில்லை. இந்த நோய்களைக் காட்டி நோயாளியைக் கொல்லச் சொல்பவரோடுதான் சண்டை.

ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே ஒரு மூட்டையில் கட்டிச் சுமந்து வரலாமே, அப்போது ஒருவருக்காக ஒருவர் நிற்க வேண்டியதில்லையே என்கிறார்கள். அப்படி வந்த நூறு மூட்டைகளில் ஒரே நூலகத்தின் ஓட்டையை அடைக்க வேண்டிவரும் நாளில் நூறு ஆசிரியர்களை எழுப்ப வேண்டும் என்பதோடு இதை விட்டுவிடுகிறேன். இனி, நிறுத்தக்காலத்தின் பயன் யாருக்குப் போய்ச் சேர்கிறதென்று பாருங்கள். 2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு கூடவே சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. சோழவந்தானிலோ உசிலம்பட்டியிலோ ஒரு மாணவி அந்தக் கணினியைப் பெற்ற காலத்தில் அவள் வீட்டில் இணைய இணைப்பு இருந்திருக்கக் காரணமில்லை. அன்றாடப் புதுப்பிப்பு அவளுக்கு எட்டாது. வட்டில் ஏறி வந்தது எதுவோ அதுவே அவளுக்கு அந்த மென்பொருளின் முதலும் முடிவும். அவளுடைய கணினிக்குப் போகப்போகிற பதிப்பின் வழுக்களை ஐந்து மாதம் உட்கார்ந்து பொறுக்கியவர்களை, காலத்தால் பின்தங்கியவர்கள் என்று அகண்ட அலைவரிசை உள்ளவன் சொல்கிறான்.

சில மென்பொருள்களின் நடை இந்த நிறுத்தத்தோடு ஒவ்வாதென்பதை மறுப்பதற்கில்லை. மாதந்தோறும் புதுப் பதிப்பு வெளியிட்டு, பழையதைச் சில மாதங்களிலேயே கைவிட்டுவிடும் கிட்லேப் அப்படிப்பட்டது. நம் நாட்டுத் தொண்டர் சிலர் முன்னின்று, பல வருஷப் பிரயாசையோடு, அதற்கு வேண்டிய நூற்றுக்கணக்கான சிறு பொதிகளையும் சேர்த்து டெபியனுக்குள் கொண்டுவந்தனர். 2017-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரெச்’ பதிப்பில் அது இடம்பெற்றது. அதன் பிறகு, இரண்டு மூன்று வருஷம் அசையாதிருக்க வேண்டிய பதிப்பில் அதைக் காப்பாற்ற முடியாதென்று அனுபவத்தில் கண்டனர். அப்போது அவர்கள் கதவை இடிக்கச் சொல்லவில்லை. ‘ஃபாஸ்ட் டிராக்’ என்ற தனிக் களஞ்சியத்தை அருகிலேயே ஏற்படுத்தி, விரைந்தோடும் பொதிகளை அங்கே வைத்தார்கள். கிட்லேப் வேண்டுவோர் அந்தக் களஞ்சியத்தைத் தாமே தம் கணினியில் குறித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். நிலையான பதிப்பை நிறுவிவிட்டு மற்றதைப் பற்றிக் கேள்வியேபடாதிருப்பவருடைய கணினிக்குள் அது தானாக நுழைவதில்லை.